கடை வண்டி ஒன்று, ஓட்டுகிறவர் உயரம் நான்கு



நமது சங்க இதழில் ஜி.எஸ்.டி. பற்றி எழுதுகிறார்கள். எடை முத்திரை பற்றி, உணவுப் பாதுகாப்பு உரிமம் பற்றி, வீட்டு வாசலுக்கே சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் பெரிய கம்பெனிகள் பற்றி எழுதுகிறார்கள். எல்லாம் வேண்டியவைதான். நான் எழுத வந்திருப்பது ஸ்கூட்டரின் முன்னால் காற்றைத் தடுக்க மாட்டுகிற ஒரு பிளாஸ்டிக் தகட்டைப் பற்றி. இவருக்கு வேறு வேலை இல்லையா என்று சிலர் நினைக்கலாம். நான்கு ஆண்டுகளுக்கு முன் வேறு யாராவது எழுதியிருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நம் ஊரில் மளிகை மொத்த வியாபாரம் இரண்டு கால்களில் நிற்கிறது. ஒன்று கடன், இன்னொன்று இரு சக்கர வண்டி. சரக்கு என்னவோ லாரியிலும் குட்டி யானையிலும்தான் போகிறது. ஆனால் அதற்கு முன்னால் ஆர்டர் எடுக்கப் போவதும், பிறகு வசூலுக்கு அலைவதும், 'ரெண்டு கிலோ கடுகு விட்டுப் போச்சுண்ணே' என்று சின்னக் கடைக்காரர் போன் செய்தால் ஓடுவதும் ஸ்கூட்டர்தான். திங்கட்கிழமை வாலாஜாபாத், செவ்வாய் உத்திரமேரூர், புதன் தாமல், பாலுசெட்டி சத்திரம் பக்கம், வியாழன் செவிலிமேடு பாலம் தாண்டி வந்தவாசி சாலை என்று ஒவ்வொரு கடையும் ஒரு லைன் வைத்திருக்கிறது. வந்தவாசி வரை போய் வந்தால் ஏறக்குறைய 80 கி.மீ. இதை வாரத்தில் ஆறு நாளும் செய்கிறவர்கள் நம்மிடம் சம்பளம் வாங்கும் பையன்கள். நாம் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறோம்.

இந்த வண்டிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. வீட்டு வண்டியை ஒருவரோ இருவரோ ஓட்டுவார்கள். கடை வண்டியின் சாவி சுவரில் ஆணியில் தொங்கும். யார் கையில் அகப்படுகிறதோ அவர் எடுத்துக்கொண்டு போவார். எங்கள் கடையில் நான் ஓட்டுவேன், என் மகன் ஓட்டுவான், கணக்குப்பிள்ளை பாங்குக்கு எடுத்துப் போவார், லைன் பார்க்கும் பையன் ஓட்டுவான். என் உயரம் 5 அடி 9 அங்குலம். மகன் 6 அடி. கணக்குப்பிள்ளை 5 அடி 5. லைன் பையன் 5 அடி 2. இந்த நான்கு எண்களையும் நான் முதன்முதலாக எழுதி வைத்தது ஒரு விபத்துக்குப் பிறகுதான். அதற்கு வருகிறேன்.

முதலில் காற்றைப் பற்றி. ஸ்கூட்டரில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து போகிறோம். மோட்டார் சைக்கிள்காரர் கொஞ்சம் குனிந்தாவது போவார், நாம் கதவு போலக் காற்றுக்கு முகம் கொடுத்துப் போகிறோம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தள்ளு இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. பள்ளிக்கூடப் பாடத்தில் உள்ளதுதான். நமக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், 30 கி.மீ. வேகத்தில் போகும்போது தலை, தோள், நெஞ்சு எல்லாம் சேர்த்து ஒன்றேகால் கிலோ எடை சாய்ந்த மாதிரி. 60 கி.மீ. வேகத்தில் அதுவே ஏறக்குறைய 5 கிலோ. ஒரு 5 கிலோ சர்க்கரைப் பையை நெஞ்சில் அழுத்தி வைத்துக்கொண்டு வந்தவாசி வரை போய் வருவதை நினைத்துப் பாருங்கள். மாலையில் பையன் கடைக்கு வந்ததும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மூட்டை மேல் சாய்கிறான் என்றால் அது சோம்பல் அல்ல.

இது வெறும் காற்று மட்டும் என்றாலும் போகட்டும். உத்திரமேரூர் பக்கம் கல்குவாரி லாரிகள் போகிற சாலையில் காற்றோடு ஜல்லிப் பொடியும் வரும். மார்கழி விடியலில் பனி. சாயங்காலம் நெல் வயல் ஓரம் போனால் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் முகத்தில் அறையும். கண்ணில் ஒன்று விழுந்தால் ஒரு கையை எடுத்துக் கண்ணைக் கசக்கத்தான் தோன்றும். அந்த இரண்டு விநாடியில் வண்டி முப்பது மீட்டர் போயிருக்கும்.

ஸ்கூட்டர் என்ற வண்டியே காற்றையும் சேற்றையும் தடுக்கும் யோசனையில் பிறந்ததுதான் என்பது பலருக்குத் தெரியாது. 1946இல் இத்தாலியில் பியாஜியோ கம்பெனிக்காக முதல் வெஸ்பாவை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ ஒரு விமான எஞ்சினியர். ஹெலிகாப்டர் செய்வதில் பெயர் வாங்கியவர். அவருக்கு மோட்டார் சைக்கிள் பிடிக்காது. உடுப்பில் கிரீஸ் ஒட்டக்கூடாது, சேறு தெறிக்கக்கூடாது, காலைத் தூக்கிப் போடாமல் ஏறி உட்கார வேண்டும் என்று நினைத்தார். அதனால்தான் முன்னால் அகலமான தகரத் தடுப்பு வந்தது, நடுவில் கால் வைக்க இடம் வந்தது. வேட்டி கட்டிய நம் ஊர் வியாபாரிக்கும் புடவை கட்டிய பெண்மணிக்கும் அந்த வண்டி பொருந்தியது அப்படித்தான். அந்தக் கால் வைக்கும் இடத்தில் அரை மூட்டை துவரம் பருப்பை வைத்துக்கொண்டு போகலாம் என்று கண்டுபிடித்தது மட்டும் நம் ஆட்கள்.

ஆனால் அந்தத் தகரம் முழங்காலோடு நின்றுவிட்டது. முழங்காலுக்கு மேலே உடம்பு எவ்வளவு உயரம் என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அதை அவரவர் பாடு என்று விட்டுவிட்டார்கள் போலும்.

என் சிறு வயதில், 1970களில், நம் ஊரில் ஸ்கூட்டர் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். லாம்பிரெட்டா சில, பஜாஜ் சில. 1972இல் சேத்தக் வந்தது. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அப்போது டாக்டர்களும், பெரிய ஜவுளிக் கடைக்காரர்களும் வண்டிக்கு முன்னால் ஒரு பெரிய பிளாஸ்டிக் கண்ணாடி மாட்டியிருப்பார்கள். அதன் அடியில் ரெக்சின் துணி ஒன்று தொங்கும். வண்டி ஒரு சின்ன ஆட்டோ போல இருக்கும். அந்தக் கண்ணாடியை ஹேண்டில்பாரில் இறுக்கினால் இறுக்கியதுதான். ஏற்றவோ இறக்கவோ வழி கிடையாது. ஒரு வண்டிக்கு ஒரு முதலாளி, அவர் ஒருவரே ஓட்டுவார் என்பதால் அது யாரையும் உறுத்தவில்லை. 1980இல் டி.வி.எஸ். 50 வந்த பிறகு எல்லோர் கையிலும் வண்டி வந்தது. கண்ணாடி மாட்டும் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது.

இப்போது என் கதை. நான்கு ஆண்டுகளுக்கு முன் கடைக்குப் புது ஸ்கூட்டர் எடுத்தேன். எனக்குச் சைனஸ் தொல்லை உண்டு. எதிர்க்காற்று ஆகாது. பழைய நினைவில் ஒரு விண்டுஷீல்டு வாங்கி மாட்டச் சொன்னேன். மாட்டுகிறவர் என்னை வண்டியில் உட்காரச் சொன்னார். கண்ணாடியின் மேல் விளிம்பு என் மூக்குக்கு நேராக வரும்படி அளந்து முடுக்கினார். ரொம்பச் சுகமாக இருந்தது. முகத்தில் காற்று அறையவில்லை. விளிம்புக்கு மேலாகச் சாலை தெளிவாகத் தெரிந்தது. வாலாஜாபாத் வரை போய் வந்து எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

ஒரு மாதம் போயிருக்கும். லைன் பையன் ஒரு நாள் கோணிப் பையை நாலாக மடித்து சீட்டின் மேல் போட்டு உட்கார்ந்து வண்டியை எடுத்தான். புது சீட்டைக் கெடுக்கிறாயே என்று சத்தம் போட்டேன். பேசாமல் எடுத்து உள்ளே போட்டுவிட்டுப் போனான். மறுபடியும் ஒரு நாள் அதே கோணியைப் பார்த்தேன். மறுபடியும் திட்டினேன். ஏன் போடுகிறாய் என்று கேட்கவில்லை. நாம் கேட்கமாட்டோம், அதுதான் நம்மிடம் உள்ள குறை.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் வந்தவாசி சாலையில் வசூல் முடித்துத் திரும்பும்போது இருட்டிவிட்டது, தூறலும் பிடித்தது. முன்னால் பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. எதிரே வந்த லாரியின் விளக்கில் அவனுக்கு அது தெரியவில்லை. கடைசி நேரத்தில் பார்த்து பிரேக் பிடித்திருக்கிறான். வண்டி சறுக்கி, வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. தலையில் ஹெல்மெட் இருந்ததால் அதோடு போனது. வசூல் பணத்தைச் சட்டைக்குள் போட்டிருந்தான், ஒரு ரூபாய் குறையவில்லை. கட்டுப் போட்ட கையோடு முதலில் பணத்தைத்தான் எடுத்துக் கொடுத்தான்.

"எப்படிடா தெரியாமப் போச்சு?" என்று கேட்டேன்.

"கண்ணாடிக்குள்ளதான் மொதலாளி பாக்க வேண்டியிருக்கு. மழத்தண்ணி பட்டா எதிர்ல வர்ற லைட்டு பூரா செதறிப் போவுது. எக்கி எக்கித்தான் ஓட்டினேன்."

"முன்னமே சொல்லக்கூடாதா?"

"நீங்க ஆசையா மாட்டினது மொதலாளி."

அப்போதுதான் அந்தக் கோணி எதற்கு என்று எனக்குப் புரிந்தது. என் மூக்குக்கு நேராக இருந்த விளிம்பு அவன் நெற்றிக்கு நேராக இருந்திருக்கிறது. அவன் சாலையைப் பார்த்தது முழுவதும் பிளாஸ்டிக் வழியாக. அந்தப் பிளாஸ்டிக்கையோ நாங்கள் தினமும் காய்ந்த துணியால் தூசியோடு துடைத்துத் துடைத்து மெல்லிய கீறல் விழ வைத்திருந்தோம். பகலில் அந்தக் கீறல் தெரியாது. இரவில் எதிர் விளக்கு பட்டால் ஒவ்வொரு கீறலும் பளபளக்கும். மழை வேறு. காருக்கு வைப்பர் இருக்கிறது. ஹெல்மெட் கண்ணாடியைக் கையால் வழித்துவிடலாம், தூக்கிக்கொள்ளலாம். எட்டாத தூரத்தில் இருக்கும் இந்தக் கண்ணாடியை ஓடும் வண்டியில் என்ன செய்வது? டிரெய்லர்காரர் மேல் தப்பு இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் பையனின் பார்வையை மறைத்தது நான் முடுக்கிய நான்கு போல்ட்.

அவன் ஆறு வாரம் வேலைக்கு வரவில்லை. சம்பளம் கொடுத்தேன், வைத்தியம் பார்த்தேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, அது என் கடன். அந்த ஆறு வாரத்தில் இந்தக் கண்ணாடி விஷயத்தைக் கொஞ்சம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பத்தாவது வரை படித்தவனுக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

காற்று கண்ணாடியில் மோதி, மேல் விளிம்பைத் தாண்டும்போது நேராகப் போவதில்லை. கொஞ்சம் மேல்நோக்கி எழும்பிப் போகிறது. அதனால் விளிம்பு கண்ணுக்கு நேராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மூக்குக்கும் மோவாய்க்கும் நடுவில் இருந்தாலே காற்று தலைக்கு மேலாகப் போய்விடும், பார்வையும் விளிம்புக்கு மேலாக இருக்கும். அதற்கு மேலே போனால் பிளாஸ்டிக் வழியாகப் பார்க்க வேண்டிவரும், அதன் பலனைச் சொல்லிவிட்டேன். ரொம்பக் கீழே, கழுத்துக்கும் கீழே போனால் வேறு ஒரு தொல்லை. விளிம்பில் கிளம்பும் காற்று சுழன்று சுழன்று நேராக ஹெல்மெட்டில் வந்து அடிக்கும். தலை ஆடும், காதுக்குள் டமடமவென்று சத்தம் கேட்கும். என் மகன் அந்த வண்டியை ஏன் தொடுவதில்லை என்பதற்கும் காரணம் இதுதான். என்னைவிட மூன்று அங்குலம் உயரமானவன். கண்ணாடியே இல்லாத வண்டி இதைவிட மேல் என்று சொல்லியிருக்கிறான். நான் காதில் வாங்கவில்லை.

ஆக ஒரே கண்ணாடி எனக்குச் சுகம், மகனுக்குத் தலைவலி, பையனுக்கு ஆபத்து.

இதில் நமக்குச் சாதகமான ஒரு கணக்கும் இருக்கிறது. மனிதர்களின் உயர வித்தியாசம் பாதி காலில் போய்விடுகிறது, உட்கார்ந்தால் மீதிப் பாதிதான். என் மகனுக்கும் லைன் பையனுக்கும் நின்றால் 10 அங்குலம் வித்தியாசம். சீட்டில் உட்கார வைத்து அளந்தால் 5 அங்குலம் சுமார்தான். அதாவது கண்ணாடி ஐந்து அங்குலம் ஏறி இறங்கினால் எங்கள் கடையில் உள்ள நான்கு பேருக்கும் போதும். இது ஒன்றும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை.

வெளிநாட்டில் இதைச் செய்துதான் விற்கிறார்கள். ஹோண்டா கம்பெனி ஃபோர்சா 300 என்ற பெரிய ஸ்கூட்டரின் 2018ஆம் ஆண்டு மாடலில் ஒரு பொத்தானை அழுத்தினால் கண்ணாடி 14 செ.மீ. வரை ஏறி இறங்கும்படி மோட்டார் வைத்தது. பி.எம்.டபிள்யூ. 2012இல் கொண்டுவந்த சி 650 ஜி.டி. ஸ்கூட்டரிலும் இப்படி மின்சாரத்தில் நகரும் கண்ணாடி இருந்தது. இவை நமக்கு எட்டாத விலை, அதை விடுங்கள். யமஹாவின் எக்ஸ்மேக்ஸ் 300 ஸ்கூட்டர் முதலில் வந்தபோது அதில் மோட்டார் எதுவும் இல்லை. போல்ட்டைக் கழற்றி, 5 செ.மீ. மேலேயோ கீழேயோ வைத்து முடுக்கிக்கொள்ள இரண்டு நிலை வைத்திருந்தார்கள். அவ்வளவுதான் சமாசாரம். அதே யமஹா கம்பெனியின் ஆலை 2015 முதல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஒரகடம் பக்கத்து வல்லம் வடகாலில் இருக்கிறது. அங்கே நம் ஊர்ப் பையன்கள் கையால் ஸ்கூட்டர் வெளியே வருகிறது. நாம் ஓட்டும் சின்ன ஸ்கூட்டர்களில் ஏறி இறங்கும் கண்ணாடி எந்தக் கம்பெனியும் கொடுப்பதில்லை. 2018இல் சுசூகி பர்க்மேன் ஸ்ட்ரீட் இங்கே வந்தபோது முன்னால் ஒரு சின்னத் தகடு வைத்து வந்தது. அதுவும் நிலையாக நிற்கும் தகடுதான், நெஞ்சைக்கூட முழுதாக மறைக்காது.

கம்பெனிக்காரர்களைக் கேட்டால், உங்கள் ஊரில் மணிக்கு முப்பதில் போகிறீர்கள், எதற்குக் கண்ணாடி என்பார்கள். அதில் பாதி உண்மை இருப்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். முகூர்த்த நாளில் காந்தி ரோட்டில் பட்டுப் புடவை வாங்க வந்த கார்கள் நிற்கும்போது நடந்து போகிறவரே நம்மை முந்திவிடுவார். வைகாசி கருட சேவை அன்று வண்டியை எடுக்காமல் இருப்பதே புத்தி. ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு இந்தச் செலவு வேண்டாம் என்றே நானும் சொல்வேன். அகலமான தகடு காற்றைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். ஆனால் லைன் வண்டிகள் தினமும் வெளிச்சாலையில் 50, 60இல் ஓடுகின்றன. அவற்றை ஊர் வண்டிக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஹெல்மெட்தான் இருக்கிறதே என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. உயர் நீதிமன்ற உத்தரவையொட்டி 2015 ஜூலை 1 முதல் நம் மாநிலத்தில் ஹெல்மெட்டைக் கண்டிப்பாக்கினார்கள். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்றும் ஆகிவிட்டது. ஹெல்மெட்டுக்கு மாற்றாக நான் எதையும் சொல்லவில்லை. என் பையன் இன்று உயிரோடு இருப்பது அதனால்தான். ஆனால் நம் பையன்கள் ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுகிறார்களா என்று ஒரு நாள் கவனியுங்கள். வியர்வை, புழுக்கம், மூச்சுக்காற்றில் படியும் மங்கல், எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய கீறல். பத்துப் பேரில் எட்டுப் பேர் அதைத் தூக்கிவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள். சித்திரை வெயிலில் நானே தூக்கிவிடுவேன். நெஞ்சுக்கும் கழுத்துக்கும் ஹெல்மெட் எதுவும் செய்வதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கடைசியில் நான் செய்தது இதுதான். நம் ஊரிலேயே ஒரு வெல்டிங் பட்டறையில், கண்ணாடியைப் பிடிக்கும் இரண்டு இரும்புப் பட்டைகளில் வட்டத் துளைக்குப் பதிலாக நீளமான காடி வெட்டச் சொன்னேன். 5 அங்குல நீளம். ஸ்பானர் தேவைப்படாமல் கையாலேயே திருகும்படி காது வைத்த நட்டுகள் போட்டேன். அதிர்ச்சியில் தளராமல் இருக்க அடியில் ரப்பர் வாஷர். காடியின் ஓரத்தில் பெயிண்டால் நான்கு கோடு. யார் எடுத்தாலும் தம் கோட்டுக்கு இறக்கியோ ஏற்றியோ முடுக்கிக்கொண்டு போகலாம். ஒரு நிமிஷ வேலை. பழைய கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக, அரை அடி குட்டையாக வாங்கினேன். எல்லாம் சேர்ந்து எனக்கு ஆன செலவு ஒரு டின் எண்ணெய் விலைக்குள்தான்.

செய்ய விரும்புகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும், நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டவை. காடியை இரும்புப் பட்டையில் வெட்டுங்கள், பிளாஸ்டிக்கில் வெட்டாதீர்கள். பிளாஸ்டிக்கின் ஓரத்தில் துளை போட்டால் அங்கிருந்து விரிசல் ஓடும். முதல் முறை எனக்கு அப்படித்தான் ஒரு தகடு வீணானது. வாங்கும்போது பாலிகார்பனேட்டா அக்ரிலிக்கா என்று கேளுங்கள். அக்ரிலிக் பளிச்சென்று இருக்கும், ஆனால் விழுந்தால் கண்ணாடித் துண்டு போல உடைந்து குத்தும். பாலிகார்பனேட் உடையாது. ஆனால் சுலபமாகக் கீறும், பெட்ரோல் பட்டால் வெளுத்து வெடித்துப் போகும். ஆகவே பெட்ரோல் நனைத்த துணியால் துடைக்கும் நம் மெக்கானிக்குகளிடம் ஜாக்கிரதை. தண்ணீர் ஊற்றித் தூசியை ஓட விட்டு, சோப்பு நுரையில் மெத்தென்ற துணியால் துடைத்தால் போதும். கீறல் அதிகமானால் தயவு தாட்சண்யம் இல்லாமல் மாற்ற வேண்டும். கண்ணாடிக்கும் வண்டியின் முகப்புக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டால் கொஞ்சம் காற்று உள்ளே வரும். அது நல்லது. முழுக்க அடைத்தால் முதுகுப் பக்கத்திலிருந்து காற்று முன்னோக்கி இழுக்கும்.

உயரம் பார்க்கும்போது ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, டயரில் காற்று சரியாக வைத்து, வழக்கமாக ஏற்றும் மூட்டையையும் ஏற்றிப் பாருங்கள். வெறும் வண்டியில் அளந்தால் தப்பாகும். பின்னால் பாரம் ஏறினால் முன்பக்கம் தூக்கும்.

இன்னொரு எச்சரிக்கை மிக முக்கியம். பெரிய கண்ணாடி வேண்டவே வேண்டாம். இந்தத் தகடு ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்புகிறது. பக்கவாட்டில் காற்று அடித்தால் அது பாய்மரம் போல ஹேண்டிலையே திருப்பிவிடும். ஸ்கூட்டருக்குச் சக்கரம் வேறு சிறியது. ஆடி மாதத்தில் செவிலிமேட்டுப் பாலத்தின் மேல், வறண்டு கிடக்கும் பாலாற்று மணலை வாரிக்கொண்டு வரும் காற்றில் போய்ப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பழைய நாளில் டாக்டர் வண்டியில் இருந்த மாதிரி ரெக்சின் தொங்கும் பெரிய தகடு அந்தப் பாலத்துக்கு ஆகாது. தோள் அகலத்துக்கு உள்ளேயே இருக்கட்டும். காற்று மிஞ்சும் நாளில் முழுவதும் கழற்றி வைத்துவிட வேண்டும். காது வைத்த நட்டு இருந்தால் அதுவும் சுலபம்.

இப்போது பெண் பிள்ளைகள் கடைக் கணக்குக்கும் பாங்குக்கும் வண்டியில் போகிறார்கள். சிலர் 5 அடிக்கும் குறைவு. முதலாளிக்கு அளந்த கண்ணாடி அவர்களுக்கு என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள இரு சக்கர வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. நம் உறுப்பினர்களில் பலர் அதற்குப் பிறகு கடைக்குப் புது வண்டி எடுத்திருக்கிறார்கள், இன்னும் எடுப்பார்கள். வண்டி வாங்கும்போது சீட் கவர், கால் மிதியடி, ஸ்டிக்கர் என்று டீலர் என்னென்னவோ சேர்த்துத் தருகிறார். அதற்குப் பதிலாக ஏறி இறங்கும் காற்றுத் தடுப்பு கொடுங்கள் என்று நாம் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்டால் சிரிப்பார்கள். சங்கத்தின் கடிதத் தாளில் கேட்டால் மேலே எழுதிக் கேட்பார்கள். ஆலை நம் மாவட்டத்திலேயே இருக்கும்போது ஒரு மனு கொண்டுபோய்க் கொடுப்பதில் நமக்கு என்ன நஷ்டம்? இரண்டாவது, அதுவரைக்கும் பட்டறையில் செய்ததை மொத்தமாகச் செய்தால் விலை குறையும். மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இருபது பேர் சேர்ந்தால் போதும்.

இதற்கெல்லாம் முன்னால், கடையில் வண்டி ஓட்டுகிறவர்களை ஒரு நாள் வரிசையாக அந்த வண்டியில் உட்கார வைத்து, சாலை எப்படித் தெரிகிறது என்று கேளுங்கள். தராசில் ஒரு கிராம் சாய்ந்தால் கண்டுபிடிக்கிற நாம் இதைப் பார்க்கத் தவறியிருக்கிறோம். முதல் முறை கேட்டால் 'நல்லாத்தான் இருக்கு மொதலாளி' என்பார்கள். இரண்டாவது முறையும் கேளுங்கள்.

எங்கள் லைன் பையன் மீண்டும் வேலைக்கு வந்து வந்தவாசி சாலைக்கே போகிறான். நான்கு கோடுகளில் கீழே உள்ளது அவனுடையது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்த வண்டியைக் கொண்டுவந்து சங்க வாசலில் நிறுத்தி வைக்கிறேன். உட்கார்ந்து பார்க்க விரும்புகிறவர்கள் தங்கள் ஹெல்மெட்டோடு வரவும்.